சும்மா வந்த சம்பளம்

எனக்குப் பதினோரு வயதாக இருந்தபோது என் மாமாவுக்கு வேலையே இல்லாமல் சம்பளம் வந்துகொண்டிருந்தது.

மாமா அம்மாவின் தம்பி. திருநெல்வேலியிலிருந்து ஒரு சூட்கேஸோடு வந்து, ஹைதராபாத் மாரெட்பள்ளியில் எங்கள் வீட்டு முன்னறையில் தங்கி, மாதாப்பூரில் ஒரு மென்பொருள் கம்பெனிக்குப் போய்வந்துகொண்டிருந்தார். ஒரு நாள் சாயங்காலம் ஷூவைக்கூடக் கழற்றாமல், “என்னப் பெஞ்ச்ல போட்டுட்டாங்கக்கா” என்றார். எங்கள் பள்ளியில் பெஞ்ச் மேல் ஏற்றி நிறுத்துவது தண்டனை. நான் பயந்துபோனேன். அம்மாதான் விளக்கினாள். வெளிநாட்டிலிருந்து வருகிற வேலை குறைந்துவிட்டதாம். அடுத்தது வரும்வரை ஆபீசில் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டுமாம். சம்பளம் மட்டும் குறையாமல் வருமாம். அப்படியொரு தண்டனை என்றால் எனக்கும் சம்மதமாக இருந்தது.

அப்பாவுக்கு இந்த ஏற்பாடு பிடிக்கவில்லை. ஊருக்கு வெளியே இருந்த ஒரு மத்திய அரசுத் தொழிற்சாலையில் அவர் டெக்னீஷியன். காலை ஆறரை மணிக்குத் தொழிற்சாலை பஸ். காய்ச்சல் அடித்தாலும் போவார். லீவு போட்டு நான் பார்த்ததில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, இட்லி சாப்பிடும்போது, மாமா பேச்சைத் தொடங்கினார். “எல்லாருக்கும் சோத்துக்கு ஆவுற அளவு பணத்த அரசாங்கமே மாசாமாசம் குடுத்துட்டா என்ன அத்தான்? ஏழை, பணக்காரன், வேலை பாக்கவன், பாக்காதவன்னு ஒண்ணும் கேக்காம.”

“நக்கோ மாப்ள” என்றார் அப்பா, வேண்டாம் என்று தலையாட்டி. இருபத்திரண்டு வருஷத்து ஹைதராபாத் அந்த ஒரு வார்த்தையில் இருந்தது. “ஒண்ணாந்தேதி காசு வந்துரும்னா எவன் காலைல எந்திரிச்சு பஸ்ஸப் பிடிப்பான்?”

“நான் பிடிக்கேம்லா? எனக்கு வேலை இல்ல, காசு வருது. ஆனாலும் ஒம்பது மணிக்கு அங்க போய் உக்காந்திருக்கேன். சும்மா இருக்கது நாலு நாளைக்கு நல்லாத்தான் இருக்கும். அஞ்சாம் நாள் கை பரபரங்குது.”

அது உண்மைதான். அந்த ஒரு மாதத்தில் எங்கள் வீட்டில் ஓடாத மின்விசிறியெல்லாம் ஓடியது. கேட்டுக்கு இரண்டு முறை பெயின்ட் அடித்தாகிவிட்டது. பக்கத்து வீட்டு மிக்சியைச் சரிசெய்கிறேன் என்று வாங்கிவந்து, அதற்குப் பிறகு அவர்கள் புதிதாக ஒன்று வாங்கும்படி செய்திருந்தார்.

“ஒனக்குப் பரபரங்கும். ஊருக்கெல்லாம் பரபரங்குமா?” அப்பாவின் குரல் தேவைக்கு மேல் உயர்ந்தது. “சும்மா காசு வாங்கிப் பழகினா மனுஷன் அதுக்கே பழகிருவான். பேப்பர் படிப்பான், டீ குடிப்பான், சிரிப்பான். வெக்கங்கூடப் படமாட்டான்.”

அடுக்களையிலிருந்து அம்மா கேட்டாள்: “வேலை பாத்தாத்தான் காசுன்னா, எனக்கு எந்த மாசம் குடுத்திய?”

இரண்டு பேரும் இட்லியைப் பார்த்துக்கொண்டார்கள்.

அன்று சந்தா வாங்க வந்திருந்த தமிழ்ச் சங்கச் செயலாளர், காபி தீர்ந்த பிறகும் எழுந்திருக்காமல் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த வருடப் பொங்கல் விழாவில் பன்னிரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்கான பேச்சுப் போட்டிக்கு இதையே தலைப்பாக்கிவிட்டார்: எல்லோருக்கும் அரசு மாதப் பணம் தந்தால் மக்கள் உழைப்பார்களா?

நான் ‘உழைக்கமாட்டார்கள்’ என்ற கட்சி. தமிழ் எழுதத் தெரியாததால் அப்பா சொல்லச் சொல்ல ஆங்கில எழுத்தில் எழுதி மனப்பாடம் செய்தேன். பாதி வாக்கியத்தில் தெலுங்கு வந்துவிடும், அப்பா திருத்துவார். மூன்று வாரம் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். ஆனால் எல்லாமே பொதுவான பேச்சாக இருந்தது எனக்குக் குறையாகப் பட்டது. அவருக்குத் தெரியாமல் நானாக இரண்டு விஷயங்களைச் சேர்த்துக்கொண்டேன்.

விழா மண்டபத்தின் பின் வரிசைகளில் அப்பாவின் தொழிற்சாலைத் தமிழர்கள் குடும்பத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் அப்பா, அம்மா, மாமா. நான் பேசினேன். முதலில் என் சொந்தச் சரக்கில் ஒன்றை எடுத்துவிட்டேன். “எங்கள் மாமா பெஞ்சில் உட்கார்ந்து சம்பளம் வாங்குகிறார்” என்று சொல்லி, அவர் கன்னத்தில் கைவைத்து விட்டத்தைப் பார்க்கும் விதத்தை நடித்துக்காட்டினேன். கூட்டம் சிரித்தது. மாமாவும் சிரித்தார். அந்தத் தைரியத்தில் இரண்டாவதையும் சொன்னேன்.

“ஆனால் என் அப்பா ஒரு நாள்கூடச் சும்மா உட்கார்ந்து சம்பளம் வாங்கியதில்லை.”

பின் வரிசைகளில் வெடித்த சிரிப்பு மாமாவுக்குக் கிடைத்ததைவிடப் பெரியதாக இருந்தது. ஒருவர் விசிலடித்தார். இது சிரிக்கிற இடம் என்று நான் நினைத்திருக்கவில்லை. ஆனாலும் மேடையில் நிற்பவளுக்குச் சிரிப்பு என்றால் வெற்றி. மைக்கைக் கிட்டே இழுத்து, இன்னும் சத்தமாக அதையே மறுபடி சொன்னேன்.

முதல் பரிசு எனக்குத்தான். எவர்சில்வர் டிபன் பாக்ஸ். அதை வாங்கிக்கொண்டு திரும்பியபோது அப்பாவின் நாற்காலி காலியாக இருந்தது. வெளியே ஸ்கூட்டர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். என் தலையில் கைவைத்து, “நல்லாப் பேசின” என்றார். பரிசை வாங்கிப் பார்க்காமலே ஸ்கூட்டரைக் கிளப்பினார். அவரிடம் கேட்காமல் பேச்சை மாற்றியதற்குக் கோபம் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் அம்மா அப்பாவோடு சண்டை போட்டாள். அவராகவே அதிகாரியிடம் போய் எழுதிக்கொடுத்து, தொழிற்சாலைக் குடியிருப்பில் குழாயும் மோட்டாரும் பழுதுபார்க்கிற பிரிவுக்கு மாற்றல் வாங்கியிருந்தார். “மெஷின் பாத்த மனுஷன், கக்கூஸ் கொழாய் பாக்கப் போறியளா?” என்று அம்மா அழுதாள். மாமா மட்டும், “விடுக்கா, போட்டும்” என்றார். சில வாரங்களில் மாமாவுக்குப் புதிய வேலை வந்து, பெங்களூருக்குப் போய்விட்டார்.

அந்தக் குடியிருப்பிலிருந்து வரும் என் வகுப்புத் தோழி ஒருத்தி, எல்லார் முன்னாலும், “துமாரே பாப்பா ஹமாரா நல் டீக் கரே” என்றாள். எங்கள் வீட்டுக் குழாயை உன் அப்பாதான் சரிசெய்தார் என்று நன்றியோடுதான் சொன்னாள். எனக்கு முகம் எரிந்தது.

பல வருடங்கள் கழித்து நானும் மாதாப்பூரில் வேலைக்குச் சேர்ந்து, ஒரு மந்தமான வருடத்தில் பெஞ்சுக்குப் போனேன். ஒன்பது மணிக்குப் போய் உட்கார்ந்து, ஆறு மணிக்கு எழுந்து வருவேன். இரண்டாவது வாரம் மாமாவுக்குப் போன் செய்து அழுதேன். அப்போதுதான் சொன்னார். அந்தப் பொங்கலுக்கு முந்திய ஒன்றரை வருடம் அப்பாவின் பிரிவுக்கு ஆர்டரே வரவில்லை. நாற்பது பேர் காலையில் கையெழுத்துப் போட்டு, பேப்பர் படித்து, டீ குடித்து, மாலையில் திரும்பியிருக்கிறார்கள். மற்றவர்கள் அதைச் சிரித்துக் கடந்தார்கள். அப்பாவால் முடியவில்லை. சும்மா பணம் வந்தாலும் மனிதன் வேலையைத் தேடிப் போவான் என்ற மாமாவின் கட்சிக்கு அவரைவிட நல்ல சாட்சி இல்லை. அவரோ எதிர்க்கட்சிக்கு என்னைத் தயார் செய்துகொண்டிருந்தார்.

அப்பா இதை என்னிடம் மறைத்தார் என்றும் சொல்ல முடியாது. வகுப்புத் தோழி குழாயைப் பற்றிச் சொன்ன அன்று சாயங்காலம் நான் அவரிடம் கெஞ்சினேன்: “அப்பா, பழைய வேலைக்கே போங்கப்பா. ப்ளீஸ்.”

அவர் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்து, “அங்க வேலை இல்லட்டி” என்றார்.

அங்கே ஆள் நிரம்பிவிட்டது, காலியிடம் இல்லை என்று புரிந்துகொண்டேன். எப்போது காலியாகும் என்று கேட்டேன்.