பாதை போட்டேன், ஏரி வந்தது

போன ஞாயிற்றுக்கிழமை காலை, நாலு நாள் பக்கத்தில் நின்று நான் போட்ட பாதையை நானே கடப்பாரையால் உடைத்தேன். கொட்டுகிற மழையில்... நைட்டிக்கு மேல் கணவரின் ரெயின்கோட்டை மாட்டிக்கொண்டு!

எங்கள் வீடு ஜமுனாமரத்தூருக்குப் பக்கத்தில். வாசலில் இருந்து ரோட்டுக்குப் போக அறுபதடி தோட்டத்தைத் தாண்ட வேண்டும். இடது பக்கம் மேட்டில் மல்லிகாவின் நிலம். வலது பக்கம் சரிவில் ஓடை. மழைக்காலம் வந்தால் நடுவில் இருக்கும் என் தோட்டத்தில் கணுக்கால் வரை சேறு.

போன மாதம் அந்தச் சேற்றில் என் மகள் யாழினி வழுக்கி விழுந்தாள். மூன்றரை வயது. முழங்கை பிசகி, கட்டுப் போட்டு, ஒரு வாரம் ராத்திரியெல்லாம் சிணுங்கினாள். கையைப் பிடித்து அழைத்துப் போனது நான்தான். பிடி தளர்ந்ததும் என் கைதான். யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

உடனே முடிவெடுத்தேன் — தோட்டத்தின் குறுக்கே ஓரடி உயரத்துக்கு மேட்டுப் பாதை. சென்னையில் வேலை பார்க்கும் கணவர் நாலு வீடியோ அனுப்பினார். எல்லாவற்றையும் பார்த்து நோட்டில் குறிப்பெடுத்தேன். பள்ளிக்கூட டீச்சர் ஆயிற்றே!

மல்லிகாவுக்கு என் வயதுதான். வேலி ஓரமாக வந்து எட்டிப் பார்த்தாள்.

"ஒரு மழை பாத்துட்டு போடுங்க டீச்சர். தண்ணி எங்கெங்க போவுதோ அங்க குச்சி நட்டு வச்சிக்கலாம். அந்த எடத்த வுட்டுட்டு கல்லு வைக்கலாம். நாங்கல்லாம் அப்டிதான்."

ஒரு மழை பார்ப்பதா? அந்த ஒரு மழையில் பிள்ளை இன்னொரு தடவை விழுந்தால்?

"சரிங்க, பாக்கலாம்" என்றேன். மறுநாளே ஆள் வைத்தேன். இரண்டு பக்கமும் கல் அடுக்கி, நடுவில் சரளை கொட்டி, அழுத்தி இடித்து... ஒரு பொட்டு இடைவெளி இல்லாமல் வாசலில் இருந்து ரோடு வரை. முடிந்ததும் யாழினியை அதில் நடக்க வைத்து வீடியோ எடுத்துக் கணவருக்கு அனுப்பினேன். "சூப்பர்" என்று பதில் வந்தது. முதல் முறையாக ஒரு அம்மாவாகப் பாஸ் ஆன மாதிரி இருந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் பிடித்த மழை விடவே இல்லை. காலையில் கதவைத் தட்டியது மல்லிகா. முகத்தில் சிரிப்பு இல்லை.

"இன்னா டீச்சர், பாதை போடுறேன்னு ஏரிக்கரை கட்டி வச்சிக்கிறீங்க? எங்க சாமைப் போரு நனையுது. வந்து பாருங்க."

ஓடிப் போய்ப் பார்த்தேன். மேட்டில் இருந்து இறங்கி ஓடைக்குப் போக வேண்டிய தண்ணீரெல்லாம் என் பாதையில் முட்டி நின்றது. அப்படியே பின்னால் ஏறி, வேலியைத் தாண்டி, அவள் வேலியோரமாக அறுத்து அடுக்கித் தார்ப்பாய் மூடி வைத்திருந்த சாமைப் போரின் அடியைத் தொட்டுவிட்டது. வருஷத்துச் சாப்பாடு அது. நனைந்தால் முளைத்துவிடும்.

கணவருக்கு போன் போட்டுக் கேட்கலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். பாதையை உடைத்தால் நாளைக்கு யாழினி எப்படிப் போவாள் என்று இன்னொரு கணம்...

"இன்னா யோசனை? கடப்பாரை இருக்குதா, நான் எடுத்தாரட்டா?"

"இருக்கு" என்றேன். நானே எடுத்தேன்.

முதல் கல் பெயர்ந்ததும் தண்ணீர் என் காலை இழுத்துக்கொண்டு பாய்ந்தது. மூன்று இடத்தில் உடைத்தோம். இரண்டு மணி நேரத்தில் 'ஏரி' வற்றியது. ஆனால் போரின் அடிக்கட்டுகள் நனைந்தது நனைந்ததுதான்.

"மன்னிச்சிடு மல்லிகா."

"அத்த அப்பறம் பேசலாம். உங்க வூட்ல ஃபேன் ஓடுதா?"

கட்டுகளைச் சுமந்து வந்து எங்கள் ஹால் முழுக்கப் பரப்பினோம். இரண்டு நாள் ஃபேன் நிற்காமல் ஓடியது. பெரும்பகுதி பிழைத்தது. ஒரு கட்டு முளைவிட்டு மாட்டுக்குப் போனது. அது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

உடைத்த மூன்று இடத்திலும் இப்போது பலகைக் கல் பாலம் மாதிரி கிடக்கிறது. அடியில் தண்ணீர் போகிறது, மேலே யாழினி போகிறாள். என் பிள்ளை காலில் சேறு படக்கூடாது என்று நினைத்ததில் தப்பில்லை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். அந்தச் சேறு அப்புறம் யார் வாசலுக்குப் போகும் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கக்கூட வேண்டாம்... சொன்னபோது காதில் போட்டுக்கொண்டிருக்கலாம்.

அன்றைக்கு ஹாலில் கட்டுகளைப் பரப்பும்போது, யாழினி மிதித்துவிடக் கூடாதே என்று வாசலில் இருந்து சமையலறை வரை ஓரடி அகலத்துக்கு வழி விட்டிருந்தேன். இடுப்பில் கை வைத்து அதைப் பார்த்த மல்லிகா அன்று முதல் தடவையாகச் சிரித்தாள்.

"வூட்டுக்குள்ள மட்டும் நல்லா பாதை போடுறீங்க டீச்சர்!"