எஸ்தர் வந்து கூப்பிட்ட சனிக்கிழமை

சபையாரே, நான் சொல்லப்போவது ஜெபத்துக்குப் பதில் கிடைத்த கதைதான். ஆனால் கிடைத்த பதிலை வைத்துக்கொண்டு நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. போன ஈஸ்டருக்கே இதை இங்கே நின்று சொல்லியிருக்க வேண்டும். உபதேசியார் கேட்டபோது தொண்டை வலி என்று தப்பித்துக்கொண்டேன். தொண்டைக்கு ஒன்றுமில்லை. சொல்லத் தைரியம் இல்லை, அவ்வளவுதான்.

என்னை உங்களுக்குத் தெரியும். ஞானம். மிராசுதார் நிலத்தில் நடவுக்கும் அறுப்புக்கும் போகிறவள். என் வீட்டுக்காரர் சாமுவேல். அவருடைய கூட்டாளி தாவீது. தாவீதின் மனைவி எஸ்தரும் நானும் நடவு வரிசையில் பக்கத்துப் பக்கத்தில்தான் நிற்போம். நடுவில் வேறொருத்தி நுழைந்தால் இரண்டு பேருக்கும் கோபம் வரும். அப்படி ஒரு சிநேகம்.

ஆட்சி மாறின பிறகு, கூலியை ஏற்றிக் கொடு என்று ஊருக்கு ஊர் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. போன வருஷம் தை மாதம் சம்பா அறுப்பில் நம் ஊரிலும் தகராறு வந்தது. நாம் கேட்ட கூலியைத் தராமல் மிராசுதார் வெளியூர் ஆட்களை லாரியில் கொண்டுவந்து இறக்கினார். நம் ஆண்கள் வயலில் இறங்கி மறித்தார்கள். தடியோடு வந்தவர்கள் என் வீட்டுக்காரர் மண்டையில் போட்டார்கள். விழுந்தவரைத் தூக்கத் தாவீது குனிந்தார். குனிந்தவர் பிடரியில் அடுத்த அடி. நான் வரப்பில் நின்று இரண்டையும் பார்த்தேன். ஐயோ, அதை எந்தப் பெண்ணும் பார்க்கக் கூடாது.

இரண்டு பேருக்கும் நினைவில்லை. தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். "ரெண்டு பேரப் பத்தியுமே இப்ப ஒண்ணும் சொல்றதுக்கில்லம்மா, வேண்டிக்கிங்க" என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். வராந்தாவில் எஸ்தர் என் கையைப் பிடித்துக்கொண்டு சத்தமாக ஜெபித்தாள். "ஆண்டவரே, அண்ணனக் காப்பாத்தும். எங்க வீட்டுக்காரரையும் காப்பாத்தும்" என்றாள். என் புருஷனைத்தான் முதலில் சொன்னாள்.

நான் வாயால் ஆமென் சொன்னேன். உள்ளே வேறு ஜெபம் பண்ணினேன். 'ஆண்டவரே, ஒருத்தரைத்தான் திருப்பித் தருவீர் என்றால், எனக்குத் தாரும். அவள் புருஷனை எடுத்துக்கொள்ளும்.' அவள் கை என் கையில் இருக்கும்போதே கேட்டேன்.

மறுநாள் மத்தியானம் என் வீட்டுக்காரர் கண் விழித்துத் தண்ணீர் கேட்டார். அன்று சாயங்காலமே தாவீது கண்ணை மூடிவிட்டார். கேட்டது கேட்டபடி நடந்துவிட்டது.

ஊரே என்னைக் கொண்டாடியது. "ஞானத்தோட விசுவாசம்டி" என்றார்கள். எஸ்தர் முகத்தில் எப்படி விழிப்பேன்? ஈஸ்டருக்கு முந்தின லெந்து நோன்புக் காலம் முழுக்க ஒளிந்து திரிந்தேன். உளுந்து பிடுங்கப் போனால் அவள் இந்தக் கோடி, நான் அந்தக் கோடி. கோயிலில் அவள் வருவதற்கு முன்னால் வந்து, ஆசீர்வாதம் முடிந்ததும் ஓடிவிடுவேன். என் புருஷன் நடமாடுவதை அவள் பார்க்கக் கூடாது என்று அவரையும் வெளியே விடவில்லை.

நம் ஊர் வழக்கம் தெரியும்தானே? ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை, அந்த வருஷம் இறந்தவர்களின் கல்லறை மேட்டுக்கு வாய்க்கால் களிமண் போட்டு மெழுக வேண்டும். வீட்டில் ஆண்பிள்ளை இல்லாவிட்டால் இறந்தவரின் கூட்டாளி அதைச் செய்வார். எஸ்தருக்கு இரண்டும் சின்னப் பெண்கள். என் வீட்டுக்காரர் ஒரு வாரமாகவே, "தாவீது மேட்டுக்கு மண்ணு போடணும் புள்ள" என்று சொல்லிக்கொண்டிருந்தார். "டாக்டரு குனியக் கூடாதுன்னு சொல்லியிருக்காருல்ல, பேசாம கெடங்க" என்று அடக்கிவிட்டேன். எந்த டாக்டரும் அப்படிச் சொல்லவில்லை.

அந்தச் சனிக்கிழமை வெயில் தாழ்ந்த நேரம். கதவு தட்டும் சத்தம். திறந்தால் எஸ்தர், தோளில் மண்வெட்டியோடு.

"அண்ணன் இருக்காங்களா?"

"இல்ல எஸ்தர். குத்தாலம் சந்தை வரைக்கும் போயிருக்காரு."

உள்ளே என் வீட்டுக்காரர் இருமினார்.

"அப்படியா? அப்ப உள்ள இருமுறது யாரு, உங்க வீட்டு ஆட்டுக்குட்டியா?"

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. வாசல்படியிலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். வராந்தாவில் கேட்டதை ஒரு வார்த்தை மாற்றாமல் சொன்னேன். சொல்லிவிட்டு, அறைவாள் என்று முகத்தைக் காட்டிக்கொண்டிருந்தேன். அவள் அறையவில்லை.

"போடி கிறுக்கி" என்றாள். "நீ சொன்னதும் ஆள எடுக்குறதுக்கு ஆண்டவரு என்ன உன் புருஷனா, உன் பேச்சக் கேட்டு ஆட?"

எனக்கு அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது. அவள் சிரிக்கவில்லை. அவள் கண் சிவந்திருந்தது.

"பொய் சொல்ல மாட்டேன் ஞானம். அண்ணன நெனச்சா எனக்கு வயிறு எரியத்தான் செய்யுது. நீ கேட்டதும் எனக்கு லேசுல ஆறாது. ஆனா எங்க வீட்டுக்காரரு எதுக்குக் குனிஞ்சாரு? அண்ணனத் தூக்கத்தானே? அவரு உயிரக் குடுத்துத் தூக்கின ஆள நீ வீட்டுக்குள்ள பூட்டி வச்சிருக்கியே, இது நியாயமா?"

அதற்குள் என் வீட்டுக்காரரே வெளியே வந்து அவள் தோளிலிருந்த மண்வெட்டியை வாங்கிக்கொண்டார். மூன்று பேரும் கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். அவர் மண் வெட்டினார், எஸ்தர் குழைத்தாள், நான் மெழுகினேன். அவள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் விடியற்காலையில் சபை முழுக்க மெழுகுவர்த்தியோடு அங்கே கூடியது. உபதேசியார், "கிறிஸ்து உயிர்த்தெழுந்தார்" என்றார். "மெய்யாகவே உயிர்த்தெழுந்தார்" என்று நாம் பதில் சொல்வோமே, சின்ன வயசிலிருந்து பள்ளிக்கூடத்தில் ஆஜர் சொல்கிற மாதிரிதான் நான் அதைச் சொல்லிவந்தேன். அன்று எஸ்தர் அந்த ஈர மேட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். குரல் உடைந்தது. விடாமல் இன்னொரு தடவை சொன்னாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியிலிருந்து எழுந்து வந்தார், வாஸ்தவம். ஆனால் அவரும் ஒருநாள் சாகப்போகிறவர்தான். அன்று எனக்கும் கையில் மிஞ்சப்போவது இந்த ஒரு வார்த்தைதான். ஆண்டவர் எனக்கு ஒன்று, அவளுக்கு ஒன்று என்று பாரபட்சமாக வைத்திருக்கவில்லை. அவள் இப்போது பிடித்துக்கொண்டிருப்பதைத்தான் நாளைக்கு நானும் பிடித்துக்கொள்ள வேண்டும். இது தெரியாமல் அவள் பங்கைத் திருடிவிட்டதாக நினைத்து ஒளிந்துகொண்டிருந்தேன்.

குற்ற உணர்ச்சி போய்விட்டதா என்று கேட்பீர்கள். போகவில்லை. வராந்தாவை நினைத்தால் இன்றைக்கும் சோறு இறங்குவதில்லை. ஆனால் போன ஐப்பசியில், இரண்டாம் போகத் தாளடி நடவில் மறுபடியும் எஸ்தர் பக்கத்தில் நின்றேன். நடுவில் ஒருத்தி நுழையப் பார்த்தாள். எஸ்தர் அவளைத் திட்டிய திட்டு இருக்கிறதே, கேட்டுக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது எனக்கு.

இதைச் சாட்சியாகச் சொல்லு என்று சொன்னவளும் அவள்தான். "உன் புருஷன் பொழச்சத மட்டும் சொல்லிப் பீத்திக்காத, அந்தக் கெட்ட ஜெபத்தையும் சேத்துச் சொல்லு" என்றாள். அதற்கே எனக்கு ஒரு வருஷம் ஆயிற்று.

உயிர்த்தெழுந்த ஆண்டவர் அன்றே சாயங்காலம் யாரிடம் போனார்? தம்மை விட்டு ஓடி, கதவைப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களிடம்தான். என் கதவைத் தட்ட எஸ்தரை அனுப்பினார். நான் அப்படி ஓர் உதவி கேட்கவே இல்லை. அவராகவே அனுப்பினார். அவரை நம்புங்கள், சபையாரே. கேட்கக் கூடாததைக் கேட்டவர்களும் நம்பலாம். உங்களில் யாராவது இன்னொருத்தர் முகத்தில் விழிக்கப் பயந்து சுற்றுவழியில் போய்க்கொண்டிருந்தால், அந்த ஆளே வந்து கதவைத் தட்டட்டும் என்று என்னைப் போல் உள்ளே இருக்காதீர்கள். இன்று ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு நீங்களே போங்கள்.