வாழையடியில் அடித்த கம்பி

எனக்கு மின்சாரத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று அந்த நாட்களில் யாராவது சொல்லியிருந்தால் அவரோடு சண்டைக்கே போயிருப்பேன். கிளிநொச்சியில் எங்கள் குவாட்டர்ஸ் வரிசைக்குக் கரண்ட் வந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. அதற்குள் நான் இரண்டு ரேடியோக்களைக் கழற்றி, ஒன்றைத் திரும்பப் பாடவும் வைத்திருந்தேன். மற்றதைப் பற்றி யாரும் கேட்டால் கதையை மாற்றிவிடுவேன். நீர்ப்பாசன இலாகாக் கந்தோரில் நான் படம் கீறுகிறவன். வாய்க்கால் எங்கே திரும்ப வேண்டும், மதகு எங்கே இருக்க வேண்டும் என்று கோடு போடுகிறவனுக்கு ஒரு வயரை இழுப்பது என்ன பெரிய வித்தை? அவ்வளவு தலைக்கனம் எனக்கு.

அறுபதுகளின் தொடக்கம் அது. ஆவணி மாதம். மனைவி தலைப்பிள்ளையைப் பெற்று ஆசுப்பத்திரியில் இருந்தாள். எங்களுடைய ஆட்களிடம் பிள்ளை பெற்றவளுக்கு முப்பத்தொரு நாளும் சுடச்சுடத் தண்ணீர் வார்க்க வேண்டும். வெயில் எரித்தாலும் அதில் மாற்றமில்லை. அதற்கென்றே யாழ்ப்பாணத்திலிருந்து பஸ் ஏறி வந்த என் அக்கா, வந்ததும் வராததுமாகக் குசினியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"டேய் தம்பி, உன்ர வீட்டில தண்ணி காய்ச்ச ஒரு கிடாரம்கூட இல்லையோ? விறகு எங்கை?"

"கிடாரமும் வேண்டாம், விறகும் வேண்டாம் அக்கா. பைப்பைத் திறந்தால் சுடுதண்ணி மழை மாதிரிக் கொட்டும். பொறுத்திருந்து பாருங்கோ."

"ஓமோம், பாப்பம் பாப்பம்" என்று அக்கா முகத்தைச் சுழித்தார். அந்தச் சுழிப்பு என்னை மூன்று நாள் தூங்கவிடவில்லை.

மாற்றலாகிப் போன எஞ்சினியர் ஒருவர் விட்டுச்சென்ற, தண்ணீர் கொதிக்க வைக்கும் கரண்ட் கேத்தல் ஒன்று என்னிடம் இருந்தது. அதன் அடியில் இருந்த சூடாக்கும் சுருளைக் கழற்றி, இரண்டு வாளித் தண்ணீர் பிடிக்கும் தகர டிரம் ஒன்றின் அடியில் துளை போட்டுப் பூட்டினேன். ஒழுகாமல் இருக்கச் சைக்கிள் ரியூப்பை வட்டமாக வெட்டி நடுவே வைத்தேன். டிரம் குளியலறைச் சுவரின் மேல் ஏறியது. அதிலிருந்து ஒரு இரும்புக் குழாய், குழாயில் திறந்து மூட ஒரு பித்தளைப் பைப், நுனியில் செடிக்குத் தண்ணீர் விடும் பூவாளியின் முகப்பு. வயர் குசினியிலிருந்து யன்னல் வழியாகத் தொங்கிக்கொண்டு வந்தது. ஷவர் தயார்.

முதல் நாள் சோதித்துப் பார்க்கப் பைப்பில் கை வைத்தேன். முழங்கை வரை சுள்ளென்று இழுத்தது. ஐயோ என்று கத்தாமல் பல்லைக் கடித்துக்கொண்டேன், அக்கா குசினியில் நின்றபடியால்.

எங்கேயோ ரியூப் துண்டின் ஓரத்தால் ஈரம் கசிகிறது, அதன் வழியாகக் கரண்டும் கசிந்து டிரம்முக்கும் குழாய்க்கும் வருகிறது என்று எனக்கு விளங்கியது. விளங்கியவன் என்ன செய்ய வேண்டும்? எல்லாவற்றையும் கழற்றி எறிந்திருக்க வேண்டும். நான் செய்தது வேறு. கசிகிற கரண்டை மண்ணுக்குள் இறக்கிவிட்டால் போதும் என்று எர்த் கம்பி ஒன்றைக் குழாயோடு கட்டிச் சுவரோரம் அடித்தேன். வறண்ட சோளகக் காற்றில் நிலம் ஓடுபோலக் காய்ந்து கிடந்தது. காய்ந்த மண் கரண்டை எடுக்காது. கை திரும்பவும் சுள்ளென்றது. கம்பியைப் பிடுங்கி, குளிக்கிற தண்ணீர் ஓடிப்போய்த் தேங்கும் வாழையடியில் சேற்றுக்குள் ஆழமாக அடித்தேன். பைப்பைத் தொட்டேன். ஒன்றுமில்லை. திரும்பத் தொட்டேன். ஒன்றுமே இல்லை. வெற்றி! யாரிடமும் இதைப் பற்றி நான் மூச்சு விடவில்லை.

மனைவி மகளைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். முதல் நாள் குளித்துவிட்டு வெளியே வந்தவள், "சொர்க்கம் எண்டால் இதுதான்" என்றாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் பிள்ளையைப் பார்க்க வந்து ஷவரையும் பார்த்துவிட்டுப் போனார்கள். அக்காவும் மெல்ல மெல்ல வழிக்கு வந்தார். தண்ணீர் ஆறிவிடக்கூடாது என்று, மனைவி குளித்து முடியும்வரை சுவிட்சை நிற்பாட்ட விடவே மாட்டார். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

இரண்டாவது கிழமை ஒருநாள் மத்தியானம் சாப்பிட வந்தபோது, குளியலறைத் தண்ணீர் வேலிப் பக்கமாக ஓடிக்கொண்டிருந்தது. அக்கா மண்வெட்டியால் புதிய வாய்க்கால் வெட்டியிருந்தார்.

"பிள்ளை பெத்த வீட்டுத் துடக்குத் தண்ணி வாழைக்குப் போகலாமோடா? முதல் குலையைக் கோயிலுக்குக் குடுக்கிறதெண்டு நீதானே நேந்தனீ."

நேர்ந்தது உண்மைதான், தீட்டுத் தண்ணீர் பட்ட குலையைக் கோயிலுக்குக் கொடுக்கவும் முடியாது. தண்ணீர் போகாவிட்டால் வாழையடி காயும், வாழையடி காய்ந்தால் கம்பி சும்மா. எனக்கு எல்லாம் தெரியும். ஆனால் அதைச் சொன்னால் ஏன் என்று கேட்பார். ஏன் என்றால், பைப்பில் முதல் நாளே கரண்ட் இருந்தது என்று சொல்ல வேண்டும். "சரி அக்கா" என்றுவிட்டுச் சோற்றில் கை வைத்தேன்.

அன்றிலிருந்து எனக்கு நிம்மதி போயிற்று. விடிந்ததும் முதல் வேலையாக ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டுபோய் வாழையடியில் ஊற்றுவேன். "வாழையில என்னடா புதுப் பாசம்?" என்று அக்கா பகிடி பண்ணுவார். அடிக்கிற காற்றுக்கும் வெயிலுக்கும் அந்த ஒரு வாளி எந்த மூலைக்கு? கந்தோரில் கோடு நேராக வராது. பத்து மணி ஆனதும் சைக்கிளை எடுத்துவிடுவேன், மனைவி குளிக்கிற நேரம் அது.

"என்ன ஐசே, பெண்சாதி குளிக்கிறதுக்கு நீர் காவலோ?" என்று பக்கத்து மேசைக்காரர் கேட்பார். சிரித்துக்கொண்டே ஓடுவேன். குளியலறைக்கு வெளியே நின்று, "இஞ்சாரும், தண்ணி சுடுகுதோ?" என்று குரல் கொடுப்பேன்.

"சுடுகுது, சுடுகுது. நீங்கள் வேலைக்குப் போகேல்லையோ?"

அந்தக் குரலைக் கேட்டால்தான் என் மூச்சு திரும்பி வரும். பைப்பை ஒருதரம் தொட்டுப் பார்த்திருந்தால் முடிந்தது. தொடவில்லை. தொட்டுச் சுள்ளென்றால் ஊர் பார்க்க எல்லாவற்றையும் கழற்ற வேண்டுமே என்ற பயம். கம்பி ஆழத்தில் இருக்கிறது, அடியில் ஈரம் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஒருநாள் பின்னேரம் பக்கத்து வீட்டு அம்மாவும் வந்து இருந்தார். அக்கா கேட்டார்: "தம்பி, நாளைக்குப் பிள்ளைக்கும் உந்த ஷவருக்குள்ளயே தண்ணி வார்ப்பமோ?"

பக்கத்து வீட்டு அம்மா என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஓம், தாராளமாக் கொண்டுபோங்கோ" என்றேன்.

"வேண்டாம் மச்சாள், பிள்ளைக்குச் சளியாக் கிடக்கு" என்றாள் மனைவி. எனக்கு உயிர் வந்தது.

மறுநாள் காலையில் மேலதிகாரி வருகிறார் என்று வெள்ளெனவே கந்தோருக்குப் போகவேண்டியதாயிற்று. வாழைக்குத் தண்ணீர் ஊற்றவில்லை. பத்து மணிக்கு அவர் முன்னால் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு நின்றேன். பத்தரை போலப் பக்கத்து வீட்டு அம்மா வாசலில் வந்து மூச்சு வாங்க நின்றார். அவரைக் கண்டதுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

வீட்டில் மனைவி பாயில் கிடந்தாள். ஈரத் துணி மேல் போர்வை. வலது உள்ளங்கை கருகியிருந்தது. கண் திறந்துதான் இருந்தது. கை பைப்போடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு கத்தினாளாம். அக்கா பிள்ளையைக் கீழே கிடத்திவிட்டு ஓடியபோது, யன்னலால் தொங்கிய வயரில் கால் தடக்கி விழ, வயர் பிளக்கோடு கழன்று வந்ததாம். அப்படித்தான் அவள் தப்பினாள். என் கெட்டித்தனம் எதுவும் அவளைக் காப்பாற்றவில்லை.

வைத்தியர் வந்து கைக்குக் கட்டுப் போட்டு, இனி உயிருக்குப் பயமில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். பின்னேரம் வயரிங் வேலை தெரிந்த ஒருவர் வந்து எல்லாவற்றையும் பார்த்தார். வாழையடியில் கம்பியை ஆட்டினார். அது புழுதிக்குள் ஆடியது.

"எர்த் அடிச்ச இடம் காஞ்சு போச்சு. தண்ணி போய்க்கொண்டு இருந்திருந்தால் இவ்வளவு அடிச்சிராது. வாய்க்காலை ஆர் திருப்பினது?"

அக்கா தலையில் அடித்துக்கொண்டார். "ஐயோ, நான்தான்! என்ர கையாலதான்! தாயில்லாப் பிள்ளையாக்கப் பாத்தனே!" என்று சுவரோடு சாய்ந்து அழுதார்.

நான் நின்றேன். அக்கா அழட்டும் என்று விட்டுவிட்டு நின்றேன். இன்றைக்கும் அந்த நிமிடத்தை நினைத்தால் என்மேல் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

பாயில் கிடந்தவள்தான் பேசினாள். "மச்சாள், அழாதேங்கோ. நாலைஞ்சு நாளாகவே கை சுள்ளெண்டதுதான். அதாலதான் பிள்ளையை வேண்டாமெண்டனான். நான்தான் வாய் திறக்கேல்லை. அவர் எவ்வளவு ஆசையாச் செய்தவர்."

அதற்குமேல் என்னால் நிற்க முடியவில்லை. பாயின் பக்கத்தில் குந்தினேன்.

"அக்காவில பிழையில்லை. கரண்ட் கசியுதெண்டு எனக்குத் தெரியும்."

"எப்ப தொடக்கம்?"

"நீர் ஆசுப்பத்திரியால வர முந்தியே."

அவள் இடது கையால் மகளைத் தன் பக்கமாக இழுத்தாள்.

"நேத்துப் பிள்ளையையும் கொண்டுபோகச் சொன்னனீங்கள்" என்றாள்.