வில்லாவுட்டில் அம்மா பேசிய தமிழ்

படகில் வருகிற அகதிகளை அடைத்துவைக்கும் வில்லாவுட் தடுப்பு முகாமில் மாமா இருந்தபோது எனக்கு ஒன்பது வயது. இலங்கையின் மலைநாட்டில், தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயத்தில் வளர்ந்து, படகில் வந்து சேர்ந்தவர். சண்டை நடந்தது என்னவோ வடக்கில்தான். ஆனாலும் கொழும்புக் கடைகளில் வேலை செய்த தோட்டத்துப் பையன்கள் தீபாவளிக்கு வீடு வந்தால், படையினர் லயத்தைச் சுற்றி வளைத்துச் சந்தேகத்தில் பிடித்துக்கொண்டு போனார்களாம். மாமாவோடு பிடிபட்ட இருவர் திரும்பவே இல்லை.

இங்கே வேறு வில்லங்கம். மாமாவின் தமிழ் இந்தியத் தமிழ் போல இருக்கிறது, இவர் இலங்கையர்தானா என்று அதிகாரிகள் சந்தேகப்பட்டார்கள். திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று அப்பாவும் அம்மாவும் பயந்தார்கள். அம்மா போய், தான் அவருடைய அக்கா என்று சாட்சி சொல்வதாக ஏற்பாடு. எனக்கோ மாமா தூரத்துச் சொந்தம் என்றுதான் சொல்லியிருந்தார்கள். நாங்கள் குடியிருந்த வென்ட்வேர்த்வில்லில் அம்மாவை எல்லோரும் வடக்கே வவுனியாக்காரி என்றே அறிவார்கள். ஆகவே அம்மா பொய் சொல்லப் போகிறார் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

"அங்கை நீ வாய் திறக்கக்கூடாது, பிள்ளை" என்றார் அம்மா.

முகாமில் எங்களுக்காகக் காத்திருந்த மாமாவின் வழக்கறிஞர் ஒரு வெள்ளைக்காரப் பெண். மொழிபெயர்க்க வந்திருந்தவர் எங்களுக்கு அடுத்த தெரு அன்ரி. யாராவது நாகரிகக் குறைவாக நடந்தால் "தோட்டக்காட்டார் மாதிரி" என்று மலைநாட்டாரை இளக்காரமாகச் சொல்லிச் சிரிப்பவர். அப்போதெல்லாம் அம்மாவும் சேர்ந்து சிரிப்பார். அன்ரியைக் கண்டதும் அம்மாவின் முகம் செத்துப்போயிற்று.

"இவன் என்ரை சொந்தத் தம்பி" என்றார் அம்மா.

வழக்கறிஞரின் கேள்வியை அன்ரி தமிழில் சொன்னார்: "ஒரு வீட்டுப் பிள்ளையள் எண்டால் ஏன் ரெண்டு பேரும் ரெண்டு மாதிரிக் கதைக்கிறியள் எண்டு கேக்கிறா."

"வேணாங்க்கா, விடுங்க" என்றார் மாமா, மேசையைப் பார்த்தபடி.

அம்மா வழக்கறிஞரை விட்டுவிட்டு அன்ரியைப் பார்த்துப் பேசினார். "நானும் லயத்துல பொறந்தவதாங்க. எங்கம்மா கொழுந்து பறிக்கப் போயிருவாங்க. கைப்புள்ளையா இருந்த இவன நான்தான் பால் குடிக்க மலைக்குத் தூக்கிக்கிட்டுப் போவேன். கலவரத்துல லயத்துக்கு நெருப்பு வச்சாங்க. சித்தி என்னைய மட்டும் வவுனியாவுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. அங்கதான் அந்தப் பேச்சு பழகுனேன்."

அன்ரியின் பேனா நின்றது. பிறகு அவ்வளவையும் தணிந்த குரலில் ஆங்கிலத்தில் சொன்னார். மாமா அழுதார்.

விசா இழுபட்டு இழுபட்டு ஒருவழியாகக் கிடைத்தது. அன்ரி வீட்டுப் பிறந்தநாள்களுக்கு மட்டும் எங்களுக்கு அழைப்பு நின்றுபோயிற்று. பொய் பிடிபட்டுவிட்டது போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் அன்று திரும்பும் ரயிலில் எனக்குப் பெருமை தாங்கவில்லை. "அம்மா, சூப்பர் அக்டிங். மாமா மாதிரியே கதைச்சீங்கள்" என்றேன்.

ஆமாம் என்பதற்கு எப்போதும் "ஓம்" என்கிற அம்மா, ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "ஆமா" என்றார்.

இன்னும் நடிக்கிறார் என்று நினைத்து நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.