சூடம் அணையுமுன் எடுத்த கடப்பாரை

வறண்டு கிடந்த பெரிய குளத்தில் தண்ணீரைத் தேக்கினேன். பூட்டிக் கிடந்த எண்ணெய்ச் செக்கை மறுபடி ஓட வைத்தேன். ஊருக்குப் பாதை பிரியும் விலக்கில் நிற்காமல் போன பஸ்ஸை நிற்க வைத்து, அங்கே ஆறு கடைகளுக்குக் கூரை போட்டேன். கேரளாவுக்குக் கூலிக்குப் போனவர்களைச் சொந்த வயலில் நெல் நடத் திரும்பி வர வைத்தேன். மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். படித்தவர்கள் மனுக் கொடுத்துக் கொடுத்துச் செருப்புத் தேய்ந்த வேலை இது.

எல்லாவற்றுக்கும் வேர் தண்ணீர்தான். குற்றாலத்தில் சாரல் விழுந்தால் சிற்றாறு கரை தட்டி ஓடும். அப்போதெல்லாம் எங்கள் குளத்துக்கு ஒரு சொட்டு வராது. சீசனுக்கு வருகிறவர்களுக்காக விடுதி கட்டிய ஒருவன், ஆற்றிலிருந்து குளத்துக்கு வரும் எங்கள் கால்வாயை நடுவழியில் மண் போட்டு மூடித் தென்னை வைத்திருந்தான். தாலுகா ஆபீஸ் வாசலிலேயே கிடந்து, சர்வேயரைக் கூட்டி வந்து, அது அரசுக் கால்வாய்தான் என்று கல் நட வைத்தவன் நான். பிறகு வீட்டுக்கு ஓராள் மண் வெட்ட வரவேண்டும் என்று ஊரில் சொன்னேன். ஆண்கள் துபாயிலும் திருப்பூரிலும் இருந்த வீடுகளிலிருந்து பெண்கள் மண்வெட்டியோடு வந்தார்கள்.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. கால்வாய் வேலை தொடங்குமுன், கரையிலுள்ள சுடலைமாடன் பீடத்தின் முன்னால் எல்லாக் கருவிகளையும் குவித்துச் சூடம் ஏற்றுவோம். அது தானாக அணையும்வரை யாரும் கருவியைத் தொடக்கூடாது. விடுதிக்காரன் பக்கத்து ஊர்க்காரன். அவனுக்கும் இது தெரியும். அந்த நேரம் பார்த்துத்தான் இரண்டு ஜீப்பில் ஆள் அனுப்பினான். அரிவாளும் இரும்புக் குழாயுமாக இறங்கினார்கள்.

"தென்னைய வெட்டவா வந்திய? ஒங்க கைய வெட்டுதேன் பாருங்கலே!" என்று கத்திக்கொண்டே ஒருவன் குழாயை வீசினான். ஒரு காலத்தில் ஊர் வயலுக்கெல்லாம் தண்ணீர் பாய்ச்சிய கிழவர் ஒருவரின் வாயில் விழுந்தது அடி. பல் ரத்தத்தோடு மணலில் தெறித்தது. மண் வெட்ட வந்திருந்த துபாய்க்காரர் ஒருவரின் மனைவியை முடியைப் பிடித்து இழுத்துப் பள்ளத்தில் தள்ளினார்கள். எங்கள் ஆட்கள் வெறுங்கையோடு சூடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அடி வாங்கினார்களே தவிர, கை நீளவில்லை.

நான் குனிந்தேன். சூடம் ஏற்றிய பூசாரி என் மணிக்கட்டைப் பிடித்தார். "அண்ணாச்சி, தொடாதிய. சூடம் எரியுது. சாமி குத்தமாயிரும்."

"சாமிக்குக் கண்ணு இருக்குல்லா? பாத்துக்கிட்டுத்தான இருக்கு!"

கையை உதறிவிட்டு, சூட நெருப்புக்கு மேலாகவே கடப்பாரையை உருவினேன். நிமிரும்போதே அரிவாள் என் இடது தோளில் இறங்கியது. எலும்பு தெரிந்தது. தெரிந்தால் என்ன? வலக்கை இருந்ததே! ஒரே வீச்சு. வெட்டியவனின் முழங்கால் சிரட்டை நொறுங்கிய சத்தம் எனக்கு இன்றும் கேட்கிறது. அதற்காக நான் வருத்தப்பட்டதில்லை. அடுத்தவனுக்குக் கை முறிந்தது. அதன்பிறகுதான் எங்கள் சனத்துக்கு உயிர் வந்தது. பள்ளத்திலிருந்து ஏறி வந்த துபாய்க்காரர் மனைவி மண்வெட்டியால் ஜீப் கண்ணாடியை உடைத்தாள். "ஓடாதியலே, எங்க வீட்டாளுக்குப் போட்டோ அனுப்பணும்!" என்று அவள் துரத்த, வந்தவர்கள் நொண்டியவனைத் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினார்கள்.

முதல் தென்னையின் வேரைக் குத்திவிட்டுத்தான் தென்காசி ஆஸ்பத்திரிக்குப் போனேன். தையல் பிரிக்குமுன் போலீஸ் என்னைக் கூட்டிப் போனது. நான் ஜெயிலுக்குள்ளே இருந்தபோது சனம் மீதியை வெட்டி முடித்து, குளத்துக்குத் தண்ணீர் வந்தது.

இந்த வருஷம் குளத்து மடையருகே, கால்வாயை மீட்டவர்கள் பெயரை வெட்டி ஊர் சார்பில் கல் நட்டிருக்கிறார்கள். அதிகாரிகள் பெயர் இருக்கிறது, பூசாரி பெயர் இருக்கிறது. என் பெயர் இல்லை. ஊர்த் தலைவரிடம் கேட்டேன்.

"சூடம் எரியுதப்ப தொட்டவரு வே நீரு. ஒம்ம பேரப் போட்டா குளம் வத்திரும்னு சனம் பயப்படுது."

நான் தொடாமல் நின்றிருந்தால் அங்கே இன்றும் தென்னைதான் நின்றிருக்கும். தொட்டது குற்றம் என்றால் அந்தக் குற்றத்தையும் கல்லில் வெட்டுங்கள். ஆனால் அதற்கு முன், பூசாரி பெயருக்கு மேலே, முதல் வரியில் என் பெயரை வெட்டுங்கள்.