பிழையில்லாமல் எழுத ஒரு பெயர்

"ஒரு பேர் சொல்றேன். ஒரே வாட்டிதான் சொல்வேன். இங்கிலீஷ்ல எழுதுங்க பாப்போம்" என்று ஞானம்மா பேனாவையும் குயர் நோட்டையும் நீட்டினால், ஒரகடம் போகும் ஷேர் ஆட்டோவில் யாரும் மறுத்ததில்லை. எழுதி முடித்ததும் நோட்டை வாங்கி எழுத்து எழுத்தாகப் பார்ப்பார். உதட்டைப் பிதுக்கினால் அந்தப் பெயர் செத்தது என்று அர்த்தம். அங்கேயே குறுக்கே ஒரு கோடு இழுத்துவிடுவார். ஷிப்ட் முடிந்து தூங்கி வழியும் பிகார் பையன்களைக்கூட அவர் விட்டதில்லை. "அவன் தப்பில்லாம எழுதிட்டான்னா ஊரே எழுதிடும்" என்பார்.

ஞானம்மாவுக்கு நாற்பத்தெட்டு வயது. சேரப்பணஞ்சேரியில் வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகையில் நான்கு தையல் இயந்திரங்கள். தொழிற்சாலைகளில் போட்டுக்கொள்ளும் பருத்திக் கையுறைகளை அவரும் மூன்று பெண்களும் தைக்கிறார்கள். முன்பு இருங்காட்டுக்கோட்டைத் தொழிற்சாலை ஒன்றில் பதினோரு வருடம் லைனில் நின்று, அதே கையுறைகளைப் போட்டுக் கிழித்தவர் அவர். தையல் முதலில் எங்கே விடும் என்பது அவருக்குத் தெரியும். கட்டை விரலின் அடியில் இரட்டைத் தையல் போடுவது அவருடைய சொந்த யோசனை. ஆனால் சரக்கெல்லாம் புருஷோத்தமன் என்கிற ஏஜென்ட்டின் பெயரில்தான் கம்பெனிகளுக்குள் போனது.

நேரே விற்கலாம் என்று ஒரு கம்பெனிக்குப் போனார். பர்ச்சேஸ் பிரிவில் இருந்த பூஜா என்ற பெண் கையுறையைப் புரட்டிப் பார்த்தாள். "குவாலிட்டி நல்லா இருக்குக்கா. ஆனா சொந்த வெப்சைட், அந்தப் பேர்லயே ஒரு மெயில் ஐடி, ரெண்டும் இல்லாம வெண்டார் லிஸ்ட்ல ஏத்த மாட்டாங்க" என்று அனுப்பிவிட்டாள். வெப்சைட் என்றால் முதலில் அதற்கொரு பெயர் வேண்டும், வேறு யாரும் எடுத்திராத பெயர். அன்றைக்கு வாங்கியதுதான் அந்த நோட்டு.

முதலில் செத்தது அவருடைய சொந்தப் பெயர். ஒருவர் 'ஜி'யில் தொடங்கினார், ஒருவர் 'என்'னில், இன்னொருவர் 'ஜே'யில். "ரேஷன் கார்டுல ஒண்ணு, ஆதார்ல ஒண்ணு, பேங்க்ல ஒண்ணு. கவர்மெண்டுக்கே வராத பேரு, வாங்க வர்றவனுக்கு எங்க வரப்போவுது?" அடுத்தது ஊர்ப் பெயர். இங்கிலீஷில் பதினான்கு எழுத்து. பாதியிலேயே பேனாக்கள் நின்றன. 'கவசம்' அவருக்கு மிகவும் பிடித்திருந்தது. அதில் சிலர் 'எஸ்' போட்டார்கள், சிலர் 'சி எச்'. நடுவில் ஒரு கோடு சேர்த்தால் நல்ல பெயராகக் கிடைக்கும் என்று பிரவுசிங் சென்டரில் சொன்னதை அவர் ஏற்கவில்லை. "போன்ல பேர் சொல்றப்ப அந்தக் கோட்ட எப்டி சொல்றது?"

ஏழு மாதம் கழித்து 'அஞ்சுவிரல்' வந்தது. இருபத்திரண்டு பேர் எழுதினார்கள். இருபத்திரண்டும் ஒரே மாதிரி. அத்தனையையும் பக்கத்து வீட்டுக்காரனான எனக்கு ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினார். கடைசிவரை நான் கேட்டே ஆக வேண்டியிருந்தது.

அன்றே வாங்கியிருக்கலாம். தன் பெயர் எல்லா அட்டையிலும் ஒன்றாக இல்லாமல் எதையும் பதிய முடியாது என்று அவராகவே நினைத்துக்கொண்டு, ஆதார் திருத்தத்துக்கு எழுதிப் போட்டுவிட்டுக் காத்திருந்தார். இடையில் சரக்கெடுக்க வந்த புருஷோத்தமனிடமும், சும்மா இருக்க முடியாமல், நோட்டை நீட்டினார். அவன் எழுதினான். பிழையே இல்லை.

"சூப்பரா கீதுக்கா. இன்னாத்துக்கு இது?"

சொன்னார். ஒன்று விடாமல் சொன்னார்.

திருத்திய ஆதார் வந்த அன்று பிரவுசிங் சென்டருக்குப் போனார். அங்கிருந்த பெண் தட்டிப் பார்த்துவிட்டு, "இதை யாரோ எடுத்துட்டாங்களேக்கா. போன வாரம்தான்" என்றாள். இதற்கு ஆதார் திருத்தமெல்லாம் தேவையே இல்லை, பத்து நிமிட வேலை என்பதையும் அவளே சொன்னாள்.

அடுத்த மாதம் புருஷோத்தமனின் குட்டியானை வண்டி வாசலில் வந்து நின்றது. அதன் பக்கவாட்டில் புதுப் பெயின்ட்டில் 'அஞ்சுவிரல்', கீழே வெப்சைட் முகவரி.

"ஏன் தம்பி இப்டி பண்ண?"

"பேர்ல இன்னாக்கா கீது? உள்ள உன் கிளவுஸ்தானே விக்கிறேன்? உனுக்குப் பெருமைதானே!" என்று சிரித்துக்கொண்டே ஒரு பையை இறக்கி வைத்தான். பை நிறைய துணி லேபிள்கள். ஒவ்வொரு கையுறையிலும் மணிக்கட்டுப் பக்கம் வைத்துத் தைத்துத் தர வேண்டுமாம்.

தைத்தார். "தெக்காம இன்னா பண்றது? மூணு பொம்பளைங்க காலைல வந்து மிஷின்ல குந்திக்கினு என் மூஞ்சியப் பாக்குதுங்க. இவன வுட்டா இந்தச் சரக்க யாரு எடுப்பா?" பேசும்போதும் அவர் கை நிற்கவில்லை. ஒரு லேபிளையாவது தலைகீழாக வைத்துத் தைப்பார் என்று நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். எல்லாவற்றையும் நேராகத்தான் தைத்தார், நூல் பிசகாமல்.

இப்போது வேறொரு பெயர் வாங்கியிருக்கிறார். அந்தப் பெயரிலேயே மெயில் ஐடியும் எடுத்தாயிற்று. என்ன பெயர் என்று கேட்டேன். "கீது ஒண்ணு" என்றார். கூடத் தைக்கும் பெண்களுக்கும் தெரியாது. ஷேர் ஆட்டோவில் நோட்டு வெளியே வருவதில்லை. யாரிடமும் சொல்லாத முகவரிக்கு யார் வருவார்கள் என்று கேட்க வாயெடுத்தவன், அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன்.

சென்ற வாரம் ஒரகடத்தில் இன்னொரு கம்பெனிக்கு அவர் புறப்பட்டபோது நானும் உடன் போனேன். வாசலில், வருகிறவர்கள் விவரம் எழுதும் பெரிய நோட்டு. காவலாளி கொம்பையா தென்மாவட்டத்துக்காரர். "பேரு, ஊரு, கம்பெனி மெயிலு, மூணும் எழுதிருங்கம்மா" என்றார். பெயரையும் ஊரையும் ஞானம்மா மளமளவென்று எழுதினார். மூன்றாவது கட்டத்துக்கு வந்ததும், பின்னால் நின்றவர்களை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். அப்புறம் என்னையும் பார்த்தார். பிறகு இடது கையை வளைத்து அந்தக் கட்டத்தை மூடிக்கொண்டு, கீழே குனிந்து எழுதத் தொடங்கினார்.