ஹசிந்தோ அனுப்பிய தண்ணீர்

1968 மே 3: கிணற்று நீர்மட்டம் தரைக்குக் கீழே 28 மீட்டர்.
1989 மே 3: 83 மீட்டர்.
2011 மே 3: 147 மீட்டர்.
2021 மே 3: 192 மீட்டர். லிட்டருக்கு ஆர்செனிக் 96 மைக்ரோகிராம்; சட்டம் பொறுத்துக்கொள்வது 25.

குப்பியின் வாயைக் கழுத்துக்குட்டையால் மூன்று முறை துடைத்துவிட்டு ஹசிந்தோ வண்டியில் ஏறுகிறார். ஆய்வுக்கூடம் மூடி போட்டு அனுப்பிய சுத்தமான குப்பி அது. துடைக்க வேண்டியதில்லை, அந்தக் குட்டையால் துடைக்கவே கூடாது.

சான் எஃப்ரேன் நீர்க்குழுவுக்குப் பதினோரு ஆண்டுகளாக அவரே தலைவர். ஊர் குடிப்பது ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதில் ஒரு குப்பி ஆய்வுக்குப் போக வேண்டும். ஹசிந்தோ போவதோ நான்கு கிலோமீட்டர் தள்ளி, வறண்ட ஆற்றோரக் கைக்கிணற்றுக்கு. அணை திறக்கும் மாதங்களில் அதில் நல்ல நீர் ஊறும். முப்பது ஆடுகளுக்குக் காணும்.

குழுவின் அளவுக் குறிப்பேட்டை எழுதுபவன் நான்; ஊர்க் கிணற்றுத் தண்ணீரை என் காசில் சோதித்து அந்த 96-ஐ எழுதியதும் நான்தான். ஏன் இப்படி என்று கேட்டேன்.

"ஏன்யா, வியாபாரி லாரியோட வந்தா நீ எந்த முலாம்பழத்த அறுத்துக் காட்டுவ? வெம்பினதையா?"

நாற்பது வருடம் முலாம்பழம் விற்றவர். மாதிரி என்றால் சரக்கிலேயே சிறந்தது. அதற்கு மேல் அவருக்கு எதுவும் ஏறாது. நீர்த்துறைக்கு நான் எழுதிய மூன்று புகார்களும், 'தலைவர் விளக்கம் தருக' என்ற குறிப்போடு அவரிடமே திரும்பி வந்தன. விளக்கத்தையும் அவரே எழுதினார்: குறை ஏதுமில்லை.

வீட்டில் தண்ணீரை அரை மணி நேரம் கொதிக்கவைத்துக் குடிப்பார். "கொதிச்சா எந்த விஷமும் செத்துரும்" என்பார். ஆர்செனிக்குக்கு உயிர் இருந்தால்தானே சாக? சுண்டுவது தண்ணீர்தான், விஷம் அப்படியே நிற்கிறது. சுண்டியதைக் குடித்துவிட்டு மீசையைத் தடவிக்கொள்வார்.

சோள ரொட்டி தட்டும் ஒதீலியாவுக்கு உள்ளங்கை முழுக்கக் கடுகு கடுகாய்க் காய்த்திருக்கிறது. இந்தத் தண்ணீரை விடச் சொன்னார் மருத்துவர். விட்டால் வேறு தண்ணீர் ஏது? கிணறு கெட்ட ஊர்களுக்கு அணை நீரைச் சுத்திகரித்துக் குழாயில் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டு, நூற்றுப் பன்னிரண்டு வீடுகளில் கையெழுத்து வாங்கி விண்ணப்பித்தாள். முதல் கையெழுத்து ஹசிந்தோவுடையது, எல்லோருடையதையும்விடப் பெரிது.

பதில் வந்த அன்றே பம்ப் அறை வாசலில் ஊரைக் கூட்டினார். தொப்பியைக் கழற்றிவிட்டு உரக்கப் படித்தார்: "கடைசி ஆறு ஆய்வுகளின்படி தங்கள் ஊர்த் தண்ணீர் தரமானது." கைதட்டலுக்காக நிறுத்தினார்.

"ஹசிந்தோ ஐயா, அடுத்த வரியையும் படிங்க" என்றாள் ஒதீலியா.

"எழுத்து பொடிசா இருக்கும்மா."

"குடுங்க, எனக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்கு." வாங்கிப் படித்தாள்: "ஆகவே குழாய்த் திட்டத்தில் தங்கள் ஊரைச் சேர்க்கத் தேவையில்லை."

அவள் உள்ளங்கையை அவர் முகத்துக்கு நேரே விரித்தாள். "இதையும் ஒரு குப்பியில போட்டு அனுப்பியிருக்கலாமே, பெரியவரே!"

"நம்ம தண்ணி பாஸாயிருக்கு. அதுக்குச் சந்தோசப்படாம கையக் காட்டுறா பாரு!"

அவள் கையிலிருந்து கடிதத்தைப் பிடுங்கினார். இரண்டாம் வரி உள்ளே போகும்படி மடித்து, நகத்தால் மடிப்பை அழுத்தி, பம்ப் அறைக் கதவில் வைத்து ஆணி அடித்தார்.

கடிதம் வந்தது 2022 நவம்பர் 9, புதன்கிழமை.